உச்சி வெயிலில் ஒரு மலை: மேலூர்ச் சாலை ஸ்டூடியோக்காரர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

மதுரையில் பதினெட்டு வருஷமாகப் புகைப்பட வகுப்பு நடத்துகிறேன். முதல் நாள் பாடத்தில் ஒரு விதியைத் தவறாமல் சொல்லிவந்தேன்: இயற்கைக் காட்சி எடுக்க வேண்டுமா, விடியலில் எடு, பொழுது சாயும்போது எடு, காலை எட்டு மணிக்கு மேல் கேமராவைப் பையில் வைத்துவிடு. 2019க்குப் பிறகு இந்த விதியைச் சொல்வதில்லை. சொல்லவிடாமல் செய்தவர் என்னிடமே படித்த ஒருவர். அவர் வந்த வழியையும், எடுத்த படங்களையும், இடையில் நடந்த தவறுகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஸ்டூடியோ வைத்திருப்பதால் ஸ்டூடியோக்காரர் என்றே எழுதுகிறேன்.

ஆளும் மலையும்

ஒத்தக்கடைக்கும் மேலூருக்கும் நடுவில் ஒரு கிராமம். அம்மா ஆடு வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் ஆட்டை மலையடிவாரத்துக்கு ஓட்டிப்போவது பையனின் வேலை. எந்தப் பாறைக்குப் பின்னால் சுனை இருக்கிறது, எந்தப் புடவில் மழைக்கு ஒதுங்கலாம், வைகாசியில் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நிழல் விழும் என்பதெல்லாம் கேமராவைத் தொடுவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்ததும் மேலூரில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தார். 2006இல் சொந்தக் கடை. பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன், ஜெராக்ஸ், காதுகுத்து, சடங்கு, கல்யாணம். இன்றைக்கும் அவர் வீட்டில் அடுப்பெரிவது இந்த வேலையில்தான்.

மதுரையைச் சுற்றியுள்ள மலைகளை ஊர்க்காரர்கள் உருவமாகத்தான் பார்ப்பார்கள். திருவிளையாடல் கதையில் சமணர்கள் ஏவிய யானை யானைமலையாக ஆனது, நாகம் நாகமலையாக ஆனது, மாயப்பசு பசுமலையாக ஆனது. மேலூர் பஸ்ஸில் போகிற குழந்தைக்கு ஜன்னல் வழியாக "அந்தா பாரு, ஆனை படுத்திருக்கு" என்று காட்டாத தாய் இல்லை. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அந்தப் பாறைக்கு யானை உருவம் அவ்வளவு பொருத்தம். ஆனால் படம் எடுப்பவர்களுக்கு அந்த உருவமே ஒரு கண்ணி. எல்லாரும் யானையைத்தான் எடுக்கிறார்கள். தலையும் தும்பிக்கையும் தெரிகிற அதே கோணம், முன்னால் அதே பனைமரம். ஸ்டூடியோக்காரரின் முதல் நூறு படங்களும் அதுதான்.

காடு என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் "காட்டுக்குப் போறேன்" என்றால் மானாவாரி நிலத்தில் களையெடுக்கப் போகிறேன் என்று பொருள். புலி நடமாடும் மலையும் காடுதான், கடலை விதைத்த மேட்டு நிலமும் காடுதான். மனிதர் கால்படாத வனம் என்ற எண்ணத்துக்கு அந்தச் சொல்லுக்குள் இடமே இல்லை. பின்னால் மறுபடி இந்த இடத்துக்கு வருவேன். இந்த ஆய்வின் முடிச்சு இங்கேதான் விழுந்திருக்கிறது.

ஒட்டி வைத்த மேகங்கள்

2011இல் அவர் என் வகுப்பில் சேர்ந்தார். தவணையில் வாங்கிய கேமரா, கூடவே வந்த 18–55 லென்ஸ். கல்யாண வேலை இல்லாத நாட்களில் கொடைக்கானல், மூணாறு, மேகமலை என்று பைக்கிலேயே போவார். திரும்பி வந்து காட்டும் படங்கள் எல்லாம் நாங்கள் இணையத்தில் பார்த்து மயங்கிய வெளிநாட்டுப் படங்களைப் போலவே இருக்கும். பனிமூட்டம், ஒற்றை மரம், பால்போல ஓடும் அருவி. நானும் பாராட்டினேன். அந்தப் பாராட்டு அவரை ஐந்தாறு வருஷம் பின்னுக்கு இழுத்தது என்று இப்போது தெரிகிறது.

சொந்த ஊர் மலையை எடுக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. மதுரை வானம் வருஷத்தில் பாதி நாள் வெளுத்துக் கிடக்கும். மேகம் திரண்ட வானத்தைக் கொடைக்கானல் படத்திலிருந்து வெட்டி யானைமலைக்கு மேலே ஒட்ட ஆரம்பித்தார். ஃபோட்டோஷாப்பில் அவருக்குக் கல்யாண ஆல்பம் செய்த கை, ஒட்டு தெரியாது. ஆனால் மலைமேல் விழும் வெயில் ஒரு திசையிலிருந்தும், மேகத்தின் ஓரத்தில் விழும் வெயில் வேறு திசையிலிருந்தும் வரும். ஆடு மேய்த்துப் பழகிய கண்ணுக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தியது என்று பின்னால் ஒருநாள் ஒத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் அவருக்கு அதிகப் பெயர் வாங்கித் தந்தது ஒரு கிரானைட் குவாரிப் பள்ளத்தின் படம். மேலூர் வட்டாரத்தில் மலைகளைச் சதுரம் சதுரமாக அறுத்தெடுத்த பள்ளங்கள் உண்டு. 2012இல் அந்த முறைகேடுகள் வெளியே வந்து குவாரிகள் நின்றன. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தை விசாரணைக்கு நியமித்தது. நின்றுபோன பள்ளங்களில் மழைநீர் தேங்கிப் பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும். அதை மேலிருந்து எடுத்து "எங்கள் ஊர் ஏரி" என்று போட்டார். ஆயிரக்கணக்கில் விருப்பம் விழுந்தது. அறுபட்ட மலையை அழகான ஏரி என்று நம்பினார்கள். அந்தப் படத்தை அவர் இன்னும் அழிக்கவில்லை. புதிதாகச் சேரும் பையன்களுக்கு எடுத்துக் காட்டுவதற்காகவே வைத்திருக்கிறார்.

மேகம் ஒட்டும் பழக்கத்தை விட வைத்தது 160 வருஷத்துக்கு முந்தைய ஒரு படம். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசுக்குப் புகைப்படக் கலைஞராக இருந்தவர், 1858இல் மதுரைக்கு வந்தார். கோயிலையும் நாயக்கர் மகாலையும் எடுத்ததோடு யானைமலையையும் எடுத்தார். மெழுகு ஊட்டிய காகிதம்தான் அவருக்கு நெகடிவ். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல வெளிச்சம் மட்டும் மிகையாகத் தெரியும். நிலத்துக்குச் சரியாக எக்ஸ்போஷர் வைத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் டிரைப் நெகடிவின் மேல் வண்ணம் பூசி, கையாலேயே மேகம் வரைந்தார். வகுப்பில் இதைக் காட்டியபோது ஸ்டூடியோக்காரர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "அப்ப நூத்தம்பது வருஷமா இதே வேலையத்தான் சார் பாத்துக்கிட்டிருக்கோமா?"

டிரைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய காகிதத்துக்கு வானத்தைப் பிடிக்கும் சக்தி இல்லை. எங்களுக்கோ வானம் இருந்தபடியே கிடைக்கிறது. அது வெள்ளையாக இருப்பதுதான் பிடிக்கவில்லை. வெள்ளை வானம்தான் இந்த ஊரின் வானம் என்று ஒத்துக்கொண்டால் படத்தில் வானத்தின் பங்கைக் குறைத்துப் பாறையின் பங்கைக் கூட்ட வேண்டும். அடுத்த இரண்டு வருஷத்தில் அவர் படங்களில் வானம் மேலேறிக்கொண்டே போய், கடைசியில் ஒரு விரல் அகலப் பட்டையாக ஆனது. சில படங்களில் அதுவும் இல்லை.

முகூர்த்தம் முடிந்த பிறகு

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலையேற்றம் நிறுத்தப்பட்டது, பின்னர் அதற்கான விதிகள் கடுமையாயின. அடுத்த மாதம் கொழுக்குமலைப் பக்கம் போக நாள் குறித்து வைத்திருந்தார் ஸ்டூடியோக்காரர். அந்தப் பயணம் நின்றது. பணம் போனதைப் பற்றி அவர் பேசவில்லை. தீயைப் பற்றித்தான் பேசினார். காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பது ஆடு மேய்த்தவருக்குத் தெரியும். தெரிந்தும் பங்குனி, சித்திரையில் அந்தச் சரிவுகளில் நான் எத்தனை தடவை நின்றிருக்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். தூரத்து மலைகளுக்கு அவர் போவது அத்தோடு குறைந்தது.

சரி, பக்கத்து மலைக்காவது விடியலில் போகலாமே என்றால் அதற்கும் வழி இல்லை. கல்யாணப் போட்டோக்காரரின் நாட்காட்டி வேறு மாதிரி. பெரும்பாலான முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை, இல்லாவிட்டால் ஒன்பதிலிருந்து பத்தரை. பொன்னிற வெயில் விழும் நேரத்தில் அவர் மண்டபத்தில் மாலை மாற்றுவதை எடுத்துக்கொண்டிருப்பார். மாலை வெயில் நேரத்தில் வரவேற்பு. ஆடியிலும் மார்கழியிலும்தான் கல்யாணம் இல்லை. வருஷத்தில் மிச்சமிருக்கும் மாதங்களில் அவருக்கென்று கிடைப்பது முகூர்த்தப் பந்தி முடிந்து வரவேற்புக்கு ஆள் சேர்வதற்குள் இருக்கும் நடுப்பகல் மட்டுமே.

2018 சித்திரையில் மேலூர்ச் சாலையில் ஒரு மண்டபம். பதினொன்றரைக்கு வேலை முடிந்தது, வரவேற்பு ஆறு மணிக்கு. வீட்டுக்குப் போய்த் திரும்ப மனமில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு சிறுவயதில் ஆடு மேய்த்த மலைக்குப் போனார். எந்த மலை என்று நான் எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வரும். மலையின் வடக்குப் பக்கம் செங்குத்தான பாறைச் சுவர். பன்னிரண்டேகால் மணிக்கு அந்தச் சுவரைப் பார்த்து நின்றவர், முப்பது வருஷமாகத் தெரிந்த பாறையை அன்றுதான் பார்ப்பது போல இருந்தது என்றார். மறுநாள் படத்தோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பன்னிரண்டு பதினேழு

அந்தப் படம் ஏன் அப்படி வந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு வருஷம் தேடினோம். ஆய்வு என்று சொல்லத் தகுந்த பகுதி இதுதான்.

சமதரையில் நிற்கும் ஆளுக்கோ மரத்துக்கோ உச்சி வெயில் கெட்ட வெயில்தான். நிழல் காலடியில் சுருண்டுவிடும், உருவம் தட்டையாகிவிடும். செங்குத்தான சுவருக்கு அப்படி இல்லை. தலைக்கு நேரே இருந்து இறங்கும் வெயில் சுவரின் மேற்பரப்பை உரசிக்கொண்டு கீழே வருகிறது. விடியலில் சமதரை மேல் வெயில் எப்படிச் சாய்ந்து உரசி ஒவ்வொரு புல்லையும் எடுத்துக் காட்டுகிறதோ, அதையே உச்சி வெயில் பாறைச் சுவருக்குச் செய்கிறது. வெங்காயத் தோல் உரிவதைப் போலப் பாறை அடுக்கடுக்காக உரிந்த விளிம்புகள், மழைநீர் வழிந்த தடத்தில் நுண்பாசியும் பாறைப்பாசியும் படிந்து உண்டான கருங்கோடுகள், விரலளவு வெடிப்பில் வேர் விட்ட ஒரு அத்திச் செடி, எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கூரான நிழல் விழுகிறது. காலையில் அதே சுவர் சாம்பல் நிறத்தில் மொழுக்கென்று இருக்கும்.

இதற்கு நாளும் முக்கியம். மதுரை ஏறத்தாழ வடக்கு அட்சரேகை 10 பாகையில் இருக்கிறது. ஆகவே வருஷத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் 16 வாக்கிலும் ஆகஸ்ட் 27 வாக்கிலும், நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு நேரே வரும். சித்திரை 2, 3. ஆவணி 10, 11. இந்திய நேரம் நமக்குக் கிழக்கே 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவதால் நம் ஊரில் உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வராது, சித்திரையில் 12.17, 12.18 ஆகும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். அதாவது, வடக்குப் பார்த்த சுவர் சித்திரையிலிருந்து ஆவணி வரைதான் நடுப்பகலில் வெயில் காணும். மார்கழியில் போனால் நாள் முழுக்க நிழல். முகூர்த்த நாட்களின் தற்செயல் அவரைச் சரியாகச் சித்திரை மாதத்தில், சரியான சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

இன்னொன்றும் கண்டோம். வானத்தைக் கருநீலமாக்க போலரைசர் ஃபில்டர் போடுவோம். சூரியனுக்கு 90 பாகை தள்ளிய வானத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். காலையில் வைட் லென்ஸில் போட்டால் வானத்தின் நடுவில் மட்டும் கருப்பாக ஒரு பட்டை விழுந்து அசிங்கமாகிவிடும். சூரியன் உச்சியில் இருக்கும்போது 90 பாகை தள்ளிய இடம் என்பது சுற்றிலும் உள்ள தொடுவானம் முழுவதும். கோடை மழை பெய்து தூசி அடங்கிய மறுநாளில், அந்த ஒரு விரல் வானப் பட்டை இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை ஒரே சீராக இருளும். பாறையின் மினுக்கமும் அடங்கும். நான் பதினோரு வருஷம் போலரைசர் பாடம் எடுத்தும் இதை யோசித்ததில்லை.

அளவு கேட்பவர்களுக்கு: ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஒரு நொடியில் 400இல் ஒரு பங்கு, போலரைசர் போட்டால் 100இல் ஒரு பங்கு வரை இறங்க வேண்டும். தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் உதவாது. பொட்டல் தரையிலிருந்து கிளம்பும் கானல் தூரத்துப் பாறையை நெளிய வைத்துவிடும்; எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் அதற்கு முன்னால் ஒன்றும் செய்யாது. பக்கத்தில் போய், 24 மில்லிமீட்டர் வாக்கில் எடுப்பதே வழி. தண்ணீர் மூன்று லிட்டர். தொப்பி வேண்டாம், ஈரத்துண்டு போதும் என்பார்.

விடியலிலும் அந்தியிலும் மட்டுமே எடுக்க வேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது? சூரியன் சாய்வாக, மெதுவாக ஏறி இறங்கும் குளிர்நாடுகளில் பொன்னிற வெளிச்சம் நெடுநேரம் நிற்கும். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறுகிறது. அரை மணி நேரத்தில் அந்த வெளிச்சம் தீர்ந்துவிடும். அவர்களுடைய நிலத்துக்குப் பொருந்திய விதியை இந்த நிலத்துக்கு நான் பாடமாக வைத்திருந்தேன்.

நமக்கென்று இதற்கு ஒரு கணக்கு ஏற்கனவே இருக்கிறது. திணை என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். அதில் முதற்பொருள் இரண்டே: நிலம், பொழுது. ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய சிறுபொழுது. மருதத்துக்கு வைகறை, முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், நெய்தலுக்கு எற்பாடு. பாலைக்கு? நண்பகல். பெரும்பொழுது வேனில். இதைப் படித்துப் பார்த்த அன்று ஸ்டூடியோக்காரர் போனில் கூப்பிட்டு, "சார், நம்ம கரட்டுக்கு நேரம் எழுதியே வச்சிருக்காங்க சார்" என்றார். குரல் நடுங்கியது. எனக்கும் பேச்சு வரவில்லை. விடியலில் கண்மாயை எடுக்கலாம், வயலை எடுக்கலாம்; வெந்து கிடக்கும் பாறையை அதற்குரிய வேளையில்தான் எடுக்க வேண்டும். வெயிலை மறைத்து எடுத்தால் அது வேறு ஊர்ப் படம்.

மூன்று வருஷத்தில் அந்த ஒரே மலைக்கு அவர் நூற்றுக்கு மேல் தடவை போயிருக்கிறார். கறுப்பு வெள்ளைக்கு மாறினார். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது கையில் மிஞ்சியிருந்தவை இரண்டு கண்ணாடித் தகடுகள். முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டார். வானம் தான் உணர்ந்தபடி வராது என்று பட்டது. கடைசித் தகட்டுக்குக் கருஞ்சிவப்பு ஃபில்டர் போட்டு வானத்தைக் கறுக்க வைத்தார். படத்தை மனதில் முடித்துக்கொண்டு எடுப்பது என்ற பாடத்தை நான் அந்தப் படத்தை வைத்துத்தான் நடத்துவேன். ஸ்டூடியோக்காரர் சிவப்பு வழியை எடுத்துக்கொண்டார்: ரா ஃபைலில், அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்பில், சிவப்பைத் தூக்கி நீலத்தை இறக்குவார். இரும்புச் சாயல் ஏறிய செம்பாறை வெளுத்து ஒளிரும், வானம் கறுக்கும். அவருடைய நல்ல படங்கள் இந்தக் காலத்தில் எடுத்தவை.

கூடு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. ஒரு தை மாதம் வேறொரு பாறை விளிம்பில் ராசாளிக் கழுகின் கூட்டைக் கண்டு, தூரத்திலிருந்து எடுத்தார். படத்தில் பறவை நகத்தளவு, மலைதான் பெரிது. இடத்தின் பெயரோடு வெளியிட்டார். அடுத்த மூன்று வாரத்தில் பெரிய லென்ஸோடு கார்கள் வந்தன. ஒருநாள் ட்ரோன் பறந்தது. பறவைகள் கூட்டை விட்டுப் போய்விட்டன. அந்த வருஷம் குஞ்சு இல்லை.

அவர் அந்தப் படத்தை இணையத்திலிருந்து நீக்கிவிட்டார். அன்றிலிருந்து மாவட்டத்தின் பெயரைத் தவிர எதையும் எழுதுவதில்லை. ஃபைலில் தானாகப் பதியும் இடக்குறிப்பையும் நீக்கிவிட்டுத்தான் அனுப்புவார். வகுப்பில் இடத்தைச் சொல்லச் சொல்லிப் பழக்கியவன் நான். மாணவர்கள் படத்துக்குக் கீழே ஊர், மலை, நேரம் எல்லாம் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருந்தேன். அந்தக் கூட்டில் எனக்கும் பங்கு இருக்கிறது.

யாருமில்லாத படம்

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 ஹெக்டேருக்குச் சற்று மேல். ஏழு குன்றுகள், ஏராளமான கண்மாய்களும் ஊற்றுகளும், லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளி உட்பட 250 வகை அளவுக்குப் பறவைகள், தேவாங்கு, எறும்புத்தின்னி. பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில், சமணர் சிற்பம், தமிழி (தமிழ்ப் பிராமி) கல்வெட்டு. எல்லாம் ஒரே பாறைத் தொடரில். இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போன செய்தி வந்தது. பரப்பு 2,015 ஹெக்டேர். ஊர்கள் எழுந்தன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மேலூர் வட்டார மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இதில் ஸ்டூடியோக்காரரின் பங்கு சின்னது. ஆனால் அவருக்கு அது பெரிய திருப்பம். டிசம்பரில் ஊர்ப் பையன்கள் சிலர் கடைக்கு வந்து, ஃப்ளெக்ஸ் போட மலைப் படம் கேட்டார்கள். தன்னுடைய சிறந்த படங்கள் பன்னிரண்டை எடுத்துக் காட்டினார். எல்லாம் உச்சி வெயில் படங்கள். கூர்மையான, கறுப்பு வெள்ளைப் பாறைகள். கூட வந்திருந்த ஒரு பெரியவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதப் பாத்தா இங்க ஒருத்தரும் இல்லேன்னுல்ல நெனைப்பான்."

அந்த வார்த்தை இந்த ஆய்வையே மாற்றிவிட்டது. பத்து வருஷமாக அவர் ஃப்ரேமிலிருந்து ஆளை விலக்கிவந்தார். ஆடு வந்தால் காத்திருப்பார், மின்கம்பி வந்தால் அழிப்பார், கோயிலின் சுண்ணாம்புச் சுவர் தெரிந்தால் கோணம் மாற்றுவார். இயற்கைக் காட்சி என்றால் அப்படித்தான் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆடம்ஸின் படங்களும் அப்படித்தான். அவை அங்கே நிலத்தைக் காக்க உதவியும் இருக்கின்றன: 1936இல் அவர் தன் படங்களோடு வாஷிங்டன் போய்ப் பேசினார், 1940இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா ஆனது. ஆனால் யோசெமிட்டியிலும் பழங்குடிகள் வாழ்ந்தார்கள், விரட்டப்பட்டார்கள். ஆளில்லாத அழகான படம் அந்த வரலாற்றை மூடுகிறது என்று அங்கேயே பலர் சொல்லியிருக்கிறார்கள். இங்கே ஆபத்து இன்னும் நேரடியானது. நிலம் எடுக்கும் கோப்பில் கரடு என்பது தரிசு, புறம்போக்கு. யாருமில்லாத நிலம் என்று கோப்பு சொல்வதையே நம்முடைய அழகான படமும் சொல்லிக்கொண்டிருந்தது.

என் கருத்தில் இது கலையின் குறையும்கூட. அந்த மலையில் சமணர் படுத்த கற்படுக்கை இருக்கிறது, ஆடு குளம்பால் தேய்த்த தடம் இருக்கிறது, பாறையிலிருந்து வழியும் நீரைக் கண்மாய்க்குத் திருப்பிவிட்ட வாய்க்கால் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷமாக ஆள் இருந்துதான் அங்கே வல்லூறும் இருக்கிறது. ஆளை எடுத்துவிட்டால் எஞ்சுவது பாதி மலை. காடு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் உள்ள பொருளை அவருடைய கேமரா அதுவரை பிடிக்கவே இல்லை.

கடையைப் பூட்டிவிட்டு மறுநாளே போனார். பையன்களுக்கு வேண்டிய படங்களை வண்ணத்தில் எடுத்துக் கொடுத்தார்: கண்மாய்க் கரை, கிடை, மந்தை, குடைவரைக்கு முன்னால் விளக்கேற்றும் பெண்கள். அவசரத்தில் எடுத்தவை; பதிவாகச் சரி, படமாக அவருக்கே நிறைவில்லை. அப்புறம் போராட்டம் முடிந்த பின், 2025 சித்திரையில், பழைய சுவருக்கு முன்னால் மறுபடி போய் நின்றார், இந்த முறை மனிதர்களோடு.

உச்சி வெயிலில் முகம் எடுப்பது கடினம். கண்குழி கறுத்துவிடும். கல்யாணத்தில் இதற்குத் தெர்மாகோல் அட்டையைக் கீழே பிடித்து வெளிச்சத்தை மேலே தூக்குவோம். மலையடியில் வெளுத்த பாறைத் தரை இருந்தது. வெயில் அதில் பட்டுத் திரும்பி முகத்தைக் கீழிருந்து நிரப்பியது. இருபது வருஷக் கல்யாண அனுபவம் ஒரு நொடியில் அதைக் கண்டுகொண்டது. ஆடு மேய்க்கும் அக்கா ஒருவர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நேரம் 12.18. அவருக்கு நிழலே இல்லை. ஆடுகளுக்கு வயிற்றுக்கடியில் மட்டும் ஒரு கறுப்பு. பின்னால் சுவர் முழுவதும் கோடு கோடாக எழுந்து நிற்கிறது. வானம் இல்லை. நான் பார்த்த அவருடைய படங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

மந்தையில் ஒரு கண்காட்சி

அந்த வருஷக் கோயில் திருவிழாவில் முப்பது படங்களை அச்சிட்டு, மந்தையில் பந்தல் கயிற்றில் துணி கிளிப்பால் மாட்டினார். மதுரையில் ஒரு அரங்கில் வைக்கலாம் என்று நான் சொன்னதற்கு, முதலில் ஊர் பார்க்கட்டும் என்றுவிட்டார். இரண்டு நாளும் நான் அங்கே இருந்தேன். வந்தவர்கள் யாரும் அழகு என்று சொல்லவில்லை. பாறைகளுக்குப் பெயர் சொன்னார்கள். இது இன்ன பாறை, இங்கே எங்க அப்பாரு விழுந்து காலொடிந்தார், இந்தச் சுனை பங்குனியிலும் வற்றாது. ஸ்டூடியோக்காரர் ஒரு பேனாவோடு நின்று ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் எழுதிக்கொண்டே இருந்தார். முப்பது படங்களுக்கு நாற்பத்தேழு பெயர்கள் கிடைத்தன. அவருக்கே தெரியாத பெயர்கள் பாதிக்கு மேல். குடை வைத்திருந்த அக்கா தன் படத்தைப் பார்த்துவிட்டு, ஆட்டில் ஒன்று குறைகிறதே, சினையாடு எங்கே என்று கேட்டார். அது ஃப்ரேமுக்கு வெளியே நின்றிருந்தது.

வருமானம் பற்றிக் கேட்பவர்களுக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். மலைப் படங்களால் அவருக்குக் கிடைப்பது சொற்பம். காலண்டருக்கு ஒன்றிரண்டு, வீட்டுச் சுவருக்கு ஒன்றிரண்டு. கல்யாண வேலையை விடும் எண்ணமும் அவருக்கு இல்லை. விட்டிருந்தால் உச்சிப்பொழுது கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

என் வகுப்பில் இப்போது முதல் நாள் விதி எதுவும் சொல்வதில்லை. ஆளுக்கு ஒரு இடத்தைத் தேர்ந்துகொள்ளச் சொல்லி, மூன்று மாதம் அதே இடத்துக்கு வேறு வேறு வேளையில் போய்வரச் சொல்கிறேன். அந்த இடத்தில் பழகிய ஒருவரிடம் அங்குள்ள பெயர்களைக் கேட்டு வர வேண்டும். பாதிப் பேர் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். நிற்காமல் போகிறவர்களின் படங்களில் ஏதோ ஒன்று சேர ஆரம்பிக்கிறது.

போன வாரம் ஸ்டூடியோக்காரர் வந்திருந்தார். ஆவணி பத்து, பதினொன்றில் சூரியன் மறுபடி உச்சிக்கு வரும். அந்தச் சினையாட்டையும் சேர்த்து எடுக்க வேண்டும், அதற்குள் குட்டி போட்டிருக்கும் என்றார். அன்று கல்யாணம் ஒன்றும் ஒத்துக்கொண்டிருக்கிறாரே என்று ஞாபகப்படுத்தினேன். டைரியைப் புரட்டிப் பார்த்தார்.

"ஒம்பது பத்தரை முகூர்த்தந்தான் சார். பந்தியை அசிஸ்டெண்ட் பாத்துக்குவான். பன்னெண்டுக்குள்ள போயிரலாம்."